கேன்டீன் பொங்கலும் மூன்று நீதிமன்றங்களும்

எங்கள் கம்பெனிப் பேருந்தில் யாரும் யாரிடமும் கையெழுத்து கேட்பதில்லை. படப்பை வழியாக ஒரகடம் வந்து வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குள் நுழைகிற பேருந்து அது. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், சங்கத்தின் பிரதிநிதி உட்காருவார். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் அப்படி ஒருவர் உண்டு. சீருடைப் புகார், விடுப்புத் தகராறு, சந்தா, கல்யாணப் பத்திரிகை என்று சங்கத்துக்குப் போக வேண்டிய எதையும் அவர் கையில் கொடுத்துவிட்டு நம் இருக்கைக்குப் போய்த் தூங்கலாம். சங்கத்திலிருந்து வருவதும் அவர் வழியாகத்தான் வரும். சங்க அலுவலகம் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. எங்கள் ஷிப்ட் விடுகிற நேரத்தில் அது திறந்திருந்து நான் பார்த்தது குறைவு. வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீட்டு கொடுங்கள் என்று பிரதிநிதியிடம் கேட்பது, வீட்டுக்கு வந்த மச்சானிடம் ஆதார் அட்டை கேட்பது மாதிரி.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு மூன்று நீதிமன்றங்களில் என்னைப் பற்றிப் பேசப்பட்டது இந்த ஒன்று மட்டும்தான்.

தேதி குறித்து வைப்பது எனக்குப் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். மணிமங்கலம் ஏரி எந்த மாதம் நிரம்பி வழிந்து கோடி போனது, எங்கள் வயலுக்கு எதிரே முதல் கிடங்குக்கு எப்போது தூண் நட்டார்கள், ஆலையில் முதல் ரோபோ எந்தக் கிழமை வந்து இறங்கியது, எல்லாம் எழுதியிருக்கிறேன். நூலகத்தில் வரலாற்றுப் புத்தகம் எடுத்தால் பின்னாலிருக்கும் காலவரிசையைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்குப் போவேன். அப்படிப்பட்ட ஒருவன் இரண்டு நாள் தாமதத்தால் மாட்டிக்கொண்டான் என்பதில் ஆலையில் பலருக்கு நல்ல சிரிப்பு.

நாங்கள் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிறோம். ஊரடங்கெல்லாம் முடிந்து மூன்று ஷிப்டும் ஓடத் தொடங்கிய அடுத்த ஆண்டு, ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தது. பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று சங்கம் கேட்க, நிர்வாகம் தேதி கொடுக்காமல் இழுத்தது. வேலைநிறுத்தம் செய்தால் பயிற்சித் தொழிலாளர்களை வைத்து லைனை ஓட்டிவிடுவார்கள். அதனால் கேன்டீன் புறக்கணிப்பு என்று முடிவானது. இந்தப் பக்கத்து ஆலைகளில் இது பழகிய வழி. வேலை நடக்கும். ஆனால் யாரும் கேன்டீனில் கை நனைக்க மாட்டார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு கேட்டில் அனுமதி கிடையாது என்பதால், ஷிப்ட் முடியும்வரை பட்டினி. சமைத்த சாப்பாடு அண்டா அண்டாவாக மிஞ்சுவதை நிர்வாகம் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து அப்போது நான்கு வருடம். முதல் நாள் மாத்திரையை விட்டுவிட்டுப் போனேன். தலைவலியோடு சமாளித்தேன். இரண்டாம் நாள் வியாழக்கிழமை. விடியற்காலையில் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஏறினேன். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருந்தேன். ஒன்பதரைக்குள் இரண்டும் தீர்ந்துவிட்டன. அதன் பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை இரண்டு முறை கீழே போட்டேன். வேர்த்து, கண் இருட்டி, மெஷினை நிறுத்திவிட்டு நேரே எதிரே தெரிந்த கதவுக்குள் போனேன். அது கேன்டீன்.

உள்ளே ஒருவர்கூட இல்லை. பரிமாறுகிறவர் என்னைப் பார்த்ததும் கரண்டியை எடுத்தார்.

"வா சார், வா. ரெண்டு நாளா ஈ ஓட்டிகினு கீறேன். பொங்கல் வெக்கட்டா?"

"கொஞ்சமா வைங்க."

"இன்னா கொஞ்சம்? இத யாரு துன்றது, நீதான் துன்னணும்."

மலைபோல் குவித்தார். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். பாதித் தட்டு காலியானபோது மனிதவளத் துறை அதிகாரி அந்தப் பக்கமாக வந்தார். என் தோளில் கை போட்டு, "வெரி குட்" என்றார். பதினோரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஊழியர்கள் கேன்டீனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், மற்றவர்களும் முன்வர வேண்டும் என்று அதில் இருந்தது. மதியத்துக்குள் பயிற்சித் தொழிலாளர்கள் சிலர் சாப்பிடப் போனார்கள். மறுநாள் நிரந்தரத் தொழிலாளர்களிலும் சிலர் போனார்கள். சனிக்கிழமை சங்கம் புறக்கணிப்பைக் கைவிட்டது.

அன்று மாலைப் பேருந்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பொங்கல்ல முந்திரி போட்டாங்களா தலைவா?" பேருந்து முழுக்கச் சிரித்தது. அதற்கு முந்தைய நாள்வரை என்னை அண்ணே என்று கூப்பிட்டவன் அவன். சிரிப்பு அடங்கியதும் இன்னொருவன் மெதுவாக, "கருங்காலி" என்றான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

சங்கம் விளக்கம் கேட்டது. உடல்நிலையைச் சொல்லி, மருந்துச் சீட்டையும் வைத்து எழுதிக் கொடுத்தேன். ஆனி மாதத்துக் கடைசிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பேருந்தில், பிரதிநிதி என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தார். கட்டுப்பாட்டை மீறியதற்காக உறுப்பினர் பொறுப்பிலிருந்து செயற்குழு என்னை நீக்கியிருந்தது. ஆலை தொடங்கிய காலத்தில், சங்கம் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லப் பயந்த நாட்களில், கேட்டுக்கு வெளியே முதலில் கூடி நின்றவர்களில் நானும் ஒருவன். இனி ஒப்பந்தத்துக்கு வாக்களிக்க முடியாது. எனக்கு ஒரு குற்றச்சாட்டு வந்தால் என்னோடு வந்து உட்கார ஆள் கிடையாது. அதைவிட, கருங்காலி என்ற சொல் என் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

சங்கத்தின் விதிப் புத்தகத்தை அன்று இரவு முழுவதும் படித்தேன். நீக்கப்பட்டவர் பதினைந்து நாட்களுக்குள் சங்க அலுவலகத்தில் முறையீடு கொடுத்தால், பொதுக்குழு அவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பொதுக்குழு என்றால் எல்லா உறுப்பினர்களும். எனக்கு வேண்டியது அதுதான். அவர்கள் முன்னால் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வெளியே போ என்று அவர்களே சொன்னால் போய்விடலாம்.

நாலு பக்கம் எழுதினேன், அடித்தேன், இரண்டு பக்கமாகக் குறைத்தேன். அடுத்தடுத்த வாரத்தில் புதன்கிழமை காலை, பேருந்தில், மூன்றாவது வரிசையில் கொடுத்தேன். அது பன்னிரண்டாம் நாள். பிரதிநிதி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமையிலிருந்து அவருக்கு விடுப்பு; வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய கிராமத்தில் தங்கை கல்யாணம். பை வீட்டு ஆணியில் தொங்கியது. திங்கட்கிழமை சங்க அலுவலகத்தில் கொடுத்தார். அது பதினேழாம் நாள்.

காலம் கடந்துவிட்டதால் முறையீடு ஏற்கப்படவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. செயலாளரைத் தேடிப் போனேன். அவர் கெட்டவர் அல்லர். சங்கத்துக்காக இரண்டு முறை சிறைக்குப் போனவர். வேலையிழந்த ஒருவரின் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தர மூன்று நாள் நடந்தவர். டயர் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, ரூலுன்னா ரூல்தானே? பதினஞ்சு நாளுன்னு போட்டுக்கீது. நீ பதினேழாம் நாளு குடுத்துட்டு வந்து நிக்கிற."

"பன்னண்டாம் நாளே பஸ்ல குடுத்தேண்ணே."

"பஸ்ஸு ஆபீஸா?"

"இத்தினி வருசமா அதானேண்ணே ஆபீஸு."

அவர் டீ டம்ளரை வைத்தார். "தோ பாரு. உனுக்கு சக்கர. நாளைக்கு ஒருத்தனுக்கு அல்சரு. இன்னொருத்தன் பொண்டாட்டி சொன்னான்னு துன்னுவான். அப்புறம் புறக்கணிப்புன்றதுக்கு இன்னா அர்த்தம்? உன் ஒரு தட்டு பொங்கல்ல ஒப்பந்தம் அஞ்சு மாசம் தள்ளிப்போச்சு. அத்த நெனச்சியா?"

"அதத்தான் பொதுக்குழுல கேளுங்கன்றேன். நானும் பதில் சொல்றேன்."

"டைம் முடிஞ்சிச்சுபா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தேன். நீக்கம் செல்லாது, என் முறையீட்டைப் பொதுக்குழு கேட்க வேண்டும் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். என்னிடமிருந்த நாட்குறிப்பை மேசையில் வைத்தேன். புதன்கிழமை பக்கத்தில் நேரம், பேருந்து எண், மழை பெய்தது உட்பட எல்லாம் இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நீங்களே எழுதுனது உங்களுக்கே சாட்சியா நிக்காது. அந்த பஸ் பிரதிநிதி வந்து சொல்வாரா?"

சொன்னார். சங்கத்தின் சாட்சியாக வந்தவர், குறுக்கு விசாரணையில் மறைக்கவில்லை. புதன்கிழமை வாங்கியது உண்மை, பையில் வைத்தது உண்மை, கல்யாண வேலையில் மறந்தது உண்மை என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. விதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் அலுவலகம் அல்லர். ஆகவே முறையீடு காலம் கடந்தது.

அன்று மாலை பிரதிநிதியும் நானும் ஒரே பேருந்தில்தான் திரும்பினோம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெஜத்ததான்பா சொன்னேன்."

"தெரியும்."

"உனுக்கும் உதவல. எனுக்கும் உதவல," என்றார். அடுத்த மாதம் மூன்றாவது வரிசைக்கு வேறொருவரை நியமித்தார்கள். அவரிடமும் எல்லோரும் கையெழுத்தில்லாமல்தான் கொடுத்தார்கள்.

முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். தீர்ப்பு நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். கழிக்காமலே கணக்குப் போட்டேன். நகலுக்கு மனு போட்ட மறுநாளிலிருந்து தினமும் போய் நின்றேன். குமாஸ்தா என்னைப் பார்த்தாலே, "சார், நகல் எங்கியும் ஓடிப்போவாது, நீங்க போய் டூட்டி பாருங்க" என்பார். மேல்முறையீடு காஞ்சிபுரம் சார்பு நீதிமன்றத்தில். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வாலாஜாபாத்தில் பேருந்து மாறிப் போவேன். ஒருமுறை நீதிமன்ற மரத்தடியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். என் வழக்கைக் கூப்பிட்டதைக் கேட்கவில்லை. வழக்கறிஞர் ஆஜராகி ஒத்திவைப்பு வாங்கியிருந்தார்.

ஆலையில் வழக்குக்குப் பெயர் நிலைத்துவிட்டது. "பொங்கல் கேஸு எப்ப வாய்தா?" என்று காவலாளிகூடக் கேட்பார். எதிர்த்துக் கோபப்பட்ட காலம் போய், நானும் தேதியைச் சொல்லத் தொடங்கினேன். சிலர் அதை மறக்காமல் வைத்திருந்து மறுநாள் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். கருங்காலி என்ற சொல்லை மட்டும் அவ்வப்போது எங்கேயாவது ஒரு மூலையிலிருந்து கேட்பேன். அது காதில் விழும் ஒவ்வொரு முறையும், நிறுத்திவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த மனசு மறுபடி நிமிர்ந்துவிடும்.

காஞ்சிபுரத்திலும் தள்ளுபடி ஆனது. பேருந்துப் பிரதிநிதிக்கு முறையீடு வாங்கும் அதிகாரம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு.

அடுத்தது உயர் நீதிமன்றம். வழக்கறிஞர் தன் அறையில் கதவைச் சாத்திவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"இதுவரைக்கும் நடந்தது என்னன்னு பேசினோம். இனிமே அது முடியாது. ரெண்டு கோர்ட்டு ஒரே மாதிரி சொல்லிட்டா, நடந்தது இதுதான்னு ஆயிடும். இரண்டாவது மேல்முறையீட்டுல சட்டக் கேள்வி ஒண்ணு இருந்தாதான் உள்ளேயே எடுப்பாங்க."

"கை நடுங்குனது?"

"அத எந்தக் கோர்ட்டும் கேக்கலியே சார்."

உண்மைதான். பின்பு நூலகத்தில் அந்தச் சட்டப் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். மேலே ஏற ஏற, பேசக்கூடியது சுருங்கிக்கொண்டே வருகிறது. கீழே புதன்கிழமையைப் பேசலாம். நடுவில் பிரதிநிதியின் அதிகாரத்தைப் பேசலாம். மேலே ஒரு கேள்விக்குறி மட்டும். நான் சாப்பிட்டது சரியா தப்பா என்ற பேச்சுக்கு எந்த மாடியிலும் இடமில்லை. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை என்றும் யோசித்தபோது பட்டது. எல்லோரும் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் திரும்பப் பேசினால் எந்த வழக்கும் முடியாது. ஆனால் எனக்கு எங்காவது ஓரிடத்தில் பேசியாக வேண்டும். அந்த இடம் பொதுக்குழு. அதன் வாசல் மட்டும்தான் நீதிமன்றத்தின் கையில் இருந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தினி கோர்ட்டுதான் ஏறுவ?"

"இது ஒண்ணுதான். இதுக்கு மேல போறதா இல்ல."

"ஜெயிச்சா இன்னா குடுப்பாங்க?"

"பேச உடுவாங்க."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "பேசறதுக்கா இம்மாம் அலைச்சல்? இங்கியே பேசேன், நான் உக்காந்து கேக்கறேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி, போ. மாத்திரைய மறக்காத" என்றாள்.

வழக்கறிஞர் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதியிருந்தார். தன் தாள்களையெல்லாம் ஆண்டுக்கணக்கில் வழித்தடப் பிரதிநிதிகள் மூலமாகவே வாங்கிவந்த சங்கம், முறையீட்டை மட்டும் அலுவலகத்தில்தான் தந்திருக்க வேண்டும் என்று சொல்லலாமா? அவ்வளவுதான். அதை எழுத அவருக்குப் பத்து நாள் ஆனது. நான் சேர்க்கச் சொன்ன ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டார்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வந்தது. சங்கத்தின் வழக்கறிஞரும் வந்திருந்தார். நீதிபதி கோப்பைப் புரட்டினார். எங்கள் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் கேட்டபின் நீதிபதி எதிர்த் தரப்பைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"சந்தா எங்க வாங்குறீங்க?"

சங்க வழக்கறிஞர் கொஞ்சம் தயங்கினார். "பஸ்ல வாங்குவாங்க, மை லார்ட். வசதிக்காக."

"சந்தாவுக்கு பஸ்ஸு ஆபீஸு. முறையீட்டுக்கு மட்டும் ஆபீஸ்தான் ஆபீஸு. அப்படியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. இதில் கேள்வி இருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் வழக்கு தன் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பதில் சங்கமே அந்த மனிதரை ஒரு தடவை கேட்டுவிட்டால் என்ன நஷ்டம் என்றும் கேட்டார். பதில் சொல்ல இரண்டு வாரம் தந்தார்.

இரண்டு வாரம் கழித்து சங்கம் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. அடுத்த பொதுக்குழுவில் எனக்குப் பத்து நிமிடம் தருவார்கள். பொதுக்குழு என்ன முடிவெடுத்தாலும் அதுவே கடைசி. நான் மறுபடி எந்த நீதிமன்றத்துக்கும் போகக் கூடாது. அப்படி எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாழ்வாரத்தில் என் வழக்கறிஞர் என்னை ஒதுக்கிக் கூட்டிப் போனார். அவர் முகத்தில் வாட்டம் தெரிந்தது.

"சார், இது நல்ல கேள்வி. தீர்ப்பு வந்தா உங்க கம்பெனி மட்டுமில்ல, இந்த ரோட்டுல இருக்குற எல்லா சங்கத்துக்கும் பொருந்தும். நாலஞ்சு வருஷம் ஆகும். ஆனா ஜெயிப்போம்னுதான் தோணுது."

"தோத்தா?"

"தோத்தா தோத்ததுதான். இப்ப சொல்லுங்க. தீர்ப்பு வேணுமா, பொதுக்குழு வேணுமா?"

"பொதுக்குழு, மேடம்."

"அங்க கை தூக்கி வெளிய அனுப்பிட்டா, அதுக்கு மேல ஒரு கதவும் கிடையாது. தெரியுதா?"

"தெரியும். நான் கேட்ட கதவே அதுதான்."

அவர் நான் எழுதிக் கொடுக்க வேண்டிய தாளைக் கோப்பிலிருந்து எடுத்தார். பிறகு பேனாவை நீட்டினார். பேருந்து அலுவலகமா இல்லையா என்ற கேள்விக்கு அதனால் இன்றுவரை விடை இல்லை. அவருக்கு அதில் உள்ள வருத்தம் நியாயமானது.

பொதுக்குழு, மாசி மாதத்து முதல் ஞாயிறு, படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உறுப்பினர் அல்லாதவன் என்பதால் என் முறை வரும்வரை சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே ஆண்டறிக்கை வாசிப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. சமையல்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று என்னைக் கேட்டார். "இன்னும் முடிவாவல" என்றேன்.

கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எதிரே இருந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. புறக்கணிப்புக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, பயிற்சி முடித்து, உறுப்பினர் ஆனவர்கள். தெற்கேயிருந்து வந்து ஒரகடத்திலும் மாத்தூரிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள். எந்தப் பொங்கலைப் பற்றி இவர் பேசுகிறார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தயாரித்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாட்களைக் காலையிலிருந்து சொன்னேன். எதற்காகப் புறக்கணித்தோம், நிர்வாகம் என்ன செய்தது, மிட்டாய் எப்போது தீர்ந்தது, கண் எப்போது இருட்டியது. தாளை ஒட்டிய பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். கேள்வி கேட்கலாம் என்றார் தலைவர்.

என் வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். "ஹெச்.ஆரு உன் தோள்ல கை போட்டாரே, அத்த ஏன் தட்டி உடல?"

"ஒரு கைல தட்டு. இன்னொரு கைல பொங்கல்," என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தட்டி உட்டிருந்தா அந்தத் தாளு ஒட்டமாட்டாங்களா? ஒட்டியிருப்பாங்க. ஆனா நீ கேக்கறது எனுக்குப் புரியுது. எனுக்கும் அந்தக் கை இன்னும் தோள்ல கீற மாதிரிதான் கீது."

பின்வரிசையில் ஓர் இளைஞன் எழுந்தான். பேச்சில் திருநெல்வேலி தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போயிருக்கலாம்லா? குளுக்கோஸ் குடுத்திருப்பாவல்லா?"

இத்தனை ஆண்டுகளில், மூன்று நீதிமன்றங்களில், ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

"போயிருக்கலாம் தம்பி. அது லைனுக்கு அந்தக் கோடில கீது. கேன்டீன் கதவு எதுக்கால. அப்ப எனுக்கு அந்தக் கதவுதான் தெரிஞ்சுது. யோசிச்சுப் போகல, கண்ணு இருட்டிப் போனேன். நெனவு நல்லா இருந்து போயிருந்தேன்னா, நீங்க நீக்குனது சரி."

"செரி அண்ணாச்சி," என்று உட்கார்ந்துவிட்டான். அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று அவன் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

செயலாளர் பேசினார். டயர் கடை வாசலில் சொன்னதையே சொன்னார். குரல் உயரவில்லை. ஒரு கட்டுப்பாட்டை ஆளுக்கொரு காரணம் சொல்லி உடைத்தால் சங்கம் எதற்கு என்று முடித்தார். கைதட்டல் வந்தது. எனக்கு வராத அளவுக்கு வந்தது. நானே அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சுக்குத் தட்டியிருப்பேன்.

கைகளை எண்ண நான்கு பேர் நடந்தார்கள். நீக்கம் நீடிக்கட்டும் என்பவர்கள் முதலில் தூக்கினார்கள். முன்வரிசை முழுக்கத் தூக்கியது. நான் ஒலிவாங்கியின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து, நீக்கத்தை ரத்து செய்யலாம் என்பவர்கள். பின்வரிசைகள் எழும்பின. திருநெல்வேலிப் பையன் தூக்கினான். தோளைப் பற்றிக் கேட்டவர் இரண்டுக்கும் தூக்கவில்லை. பழைய பேருந்துப் பிரதிநிதி இரண்டாவதற்குத் தூக்கியிருந்தார். எண்ணியவர்களில் இரண்டு பேருக்குக் கணக்கு ஒத்துவராமல் மறுபடி எண்ணினார்கள். தலைவர் செயலாளரோடு குனிந்து பேசிவிட்டு, நீக்கம் ரத்து என்று அறிவித்தார். பெரிய வித்தியாசம் இல்லை.

யாரும் மாலை போடவில்லை. "எறங்கி உள்ள வந்து உக்காரு," என்றார் செயலாளர். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். நடு வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்திலிருந்தவர் காலை ஒதுக்கி வழிவிட்டார்.

அடுத்த தீர்மானத்தைச் செயலாளர் வாசித்தார். விதிகளில் திருத்தம். நீக்கப்பட்டவர்கள் இனிமேல் பத்து நாட்களுக்குள் முறையிட வேண்டும். அலுவலகத்தில் மட்டுமே கொடுக்க வேண்டும், வேறெங்கும் கொடுத்தால் செல்லாது. இழுபறிகளைத் தவிர்க்க இது தேவை என்றார். வழிமொழிய ஒருவர் எழுந்தார்.

நான் கை தூக்கினேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இன்னாபா, இப்பத்தான் உள்ள வந்த. நாற்காலி சூடாவலியே."

"அந்த ஆபீஸு எந்நேரம் தொறந்திருக்கும்னு மொதல்ல சொல்லுங்கண்ணே. அப்புறம் நாளக் கொறைங்க."

"அடங்கமாட்டியா நீ?" என்றார். பின்பு ஒலிவாங்கிக்காரரைப் பார்த்து, "குடுப்பா அவனுக்கு. பேசாம உடமாட்டான்" என்றார்.

பேசினேன். மூன்று ஷிப்ட் விடுகிற நேரத்திலும் அலுவலகம் பூட்டிக் கிடப்பதையும், தெற்கேயிருந்து வந்த பையன்களுக்கு அந்த மாடிப்படி எங்கே என்றே தெரியாது என்பதையும் சொன்னேன். பேருந்தில் வாங்குவதென்றால் அதை விதியிலேயே எழுதுங்கள், வேண்டாமென்றால் சந்தாவையும் அங்கே வாங்காதீர்கள் என்றேன். செயலாளர் பதில் சொன்னார், நான் மறுத்தேன், அவர் திரும்பச் சொன்னார். சமையல்காரர் கதவருகே வந்து நின்று இலை போடலாமா என்று சைகையில் கேட்டார். வாக்கெடுப்புக்கு விட்டார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து உயர்ந்தவை கொஞ்சம் கைகள்தான். எண்ணிக்கொண்டு வந்தவர் என் வரிசையில் நின்றார், என்னைப் பார்த்தார், விரலால் காற்றில் ஒரு கோடு போட்டு என் கையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.